நம் தெருவுக்கு வரவேண்டிய காசு

வெம்பிளி ஸ்டேடியத்தைச் சுற்றி எழும்பும் மாடிக் கட்டடங்களைப் பார்த்து, "இவ்வளவு சனமும் வந்தால் டொக்டரிடம் எப்போது போவது, பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் எங்கே கிடைக்கும்?" என்று நம்மவர்கள் அங்கலாய்க்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதற்கென்றே டெவலப்பர்களிடம் கவுன்சில் பணம் வாங்குகிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது.

இங்கிலாந்தில் அந்தப் பணம் இரண்டு வழியில் வருகிறது. 1990ஆம் ஆண்டுத் திட்டமிடல் சட்டத்தின் 106ஆம் பிரிவுப்படி எழுதும் ஒப்பந்தம் ஒன்று. ஒப்பந்தத்தில் சொன்ன காரியத்துக்கே அதைச் செலவழிக்கலாம்; குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் டெவலப்பர் திருப்பிக் கேட்கலாம் என்றும் பல ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். மற்றது 2010இல் நடைமுறைக்கு வந்த சி.ஐ.எல். என்ற சமூக உட்கட்டமைப்பு வரி. இதில் பேரம் பேச இடமில்லை, சதுர மீட்டர் கணக்குத்தான். வெம்பிளி அடங்கிய பிரென்ட் கவுன்சில் 2013இல் இதைத் தொடங்கியபோது குடியிருப்புகளுக்கு வைத்த விகிதம் 200 பவுண்ஸ். 70 சதுர மீட்டர் ஃபிளாட் ஒன்றுக்கு 14,000 பவுண்ஸ்! கட்டுமானச் செலவு ஏற ஏற இதுவும் ஏறும். லண்டன் மேயர் 2012 முதல் தனியாக வாங்கிய வரி எலிசபெத் லைன் ரயில் பாதைக்குப் போனது.

நாம் கவனிக்க வேண்டியது சி.ஐ.எல். பணத்தில் அக்கம்பக்கத்துக்கென்று ஒதுக்கும் பங்கை. அது 15 வீதம். பிரென்ட்டில் உள்ள சட்பரி டவுனைப் போல அந்தப் பகுதி மக்களே அக்கம்பக்கத் திட்டம் வகுத்து நிறைவேற்றியிருந்தால் 25 வீதம். கிராமப்புறங்களில் இது பாரிஷ் கவுன்சிலின் கைக்குப் போய்விடும். லண்டனில் பெரும்பாலும் பாரிஷ் கவுன்சில் இல்லாததால் பரோ கவுன்சிலே வைத்திருந்து, மக்களைக் கேட்டுச் செலவழிக்க வேண்டும். பிரென்ட்டில் உள்ளூர் அமைப்புகளே விண்ணப்பிக்கலாம்.

கேட்கிறவர்களுக்குத்தான் இந்தப் பணம் போய்ச் சேரும். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் வாடகைக்கு எடுக்கும் மண்டபங்களில் எத்தனைக்குச் சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் இருக்கிறது? பிள்ளைகளுக்கு ஒழுங்கான கழிப்பறை இருக்கிறதா? மண்டபக்காரரோடு சேர்ந்து இவற்றைக் கேட்பது பிச்சையல்ல, உரிமை.

எவ்வளவு வந்தது, எதற்குப் போனது, எவ்வளவு மிச்சம் என்ற கணக்கை, இந்தப் பணம் வாங்கும் ஒவ்வொரு கவுன்சிலும் ஆண்டுதோறும் டிசம்பர் 31க்குள் வெளியிட்டாக வேண்டும். உங்கள் கவுன்சிலின் கணக்கை எடுத்துப் பாருங்கள். மிச்சம் பெரிதாக இருந்தால் உங்கள் வார்டு கவுன்சிலருக்கு இந்த வாரமே எழுதுங்கள்.