ஓடிபி அவர் போனுக்குப் போகும்

எனக்கு ஒரு குடும்பம் இருக்கிறது என்பதும் அதற்கு நான் தலைவி என்பதும் 2023 ஜூலையில்தான் எனக்குத் தெரியவந்தது. அந்தக் குடும்பம், நான் ஏழு வருடமாகக் கால் வைக்காத ஒரு வீட்டில், மதுரையிலிருந்து இரண்டு பேருந்து மாறிப் போகும் தூரத்தில் இருக்கிறது.

கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு விதிமுறைகள் வந்த மாதம் அது. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், நஞ்சை என்றால் ஐந்து ஏக்கருக்குள், புஞ்சை என்றால் பத்து ஏக்கருக்குள், வருடத்துக்கு 3600 யூனிட்டுக்குள் மின்சாரம். எல்லாவற்றுக்கும் நான் தகுதியானவள்தான். ஓர் அச்சகத்தில் மெய்ப்பு பார்க்கிறேன். மாதம் கைக்கு வருவது பன்னிரண்டாயிரம். ஏக்கர் என்பதை மெய்ப்பில்தான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் விதிமுறையில் இன்னொரு வரி இருந்தது. குடும்ப அட்டையில் தலைவராக ஆணின் பெயர் இருந்தால் அவருடைய மனைவி குடும்பத் தலைவியாகக் கருதப்படுவார். மெய்ப்பு பார்க்கிறவளுக்கு வினைச்சொல் கண்ணில் உறுத்தும். கருதப்படுவார். யார் கருதுகிறார்கள்? அட்டை கருதுகிறது. 2016 கடைசியில் நான்கு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்தேன். அடுத்த வருடம் பழைய அட்டைகள் ஸ்மார்ட் கார்டுகளாக மாறின. என் ஆதார் நகல் அந்த வீட்டு பீரோவில் இருந்தது. கணவர் என் பெயரையும் சேர்த்துத்தான் பதிந்திருக்கிறார். கைபேசி எண் என்ற கட்டத்தில் அவருடைய எண். நான் அடி வாங்கி வெளியேறிய வீட்டில் அரிசியாகவும் சர்க்கரையாகவும் இன்னும் குடியிருக்கிறேன்.

விண்ணப்பமும் டோக்கனும் ரேஷன் கடைக்காரர்கள் மூலம் வீடு வீடாக வந்தன. வீடு என்றால் அட்டையில் உள்ள வீடு. என் டோக்கன் அங்கே போனது.

அட்டையிலிருந்து பெயரை எடுத்துவிட்டு, அம்மாவின் அட்டையில் சேர்ந்துவிடலாம் என்று இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன் நல்ல பிள்ளை. அட்டை எண்ணைத் தட்டினான். "ஓடிபி போயிருக்கும்க்கா, சொல்லுங்க" என்றான். என் போனில் ஒன்றும் வரவில்லை. கடைசி நான்கு இலக்கத்தைப் படித்தான். அது யாருடைய எண் என்று எனக்கு மனப்பாடம். எத்தனையோ ராத்திரி அந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பை எடுக்காமல் போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறேன்.

பின்னால் ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். "சார்கிட்ட கேட்டுச் சொல்லுங்கக்கா, டைம் அவுட் ஆயிடும்." நான் வெளியே வந்து அழைத்தேன். மூன்று வருடத்தில் முதல் தடவை. அவர் உடனே எடுத்தார். சிரித்தார். "நம்பர் வந்திருக்கு. போன்ல சொல்ல முடியாது, யாருக்கும் சொல்லாதேன்னு அதுலயே போட்டிருக்கு. நேர்ல வந்து வாங்கிக்க. பிள்ளையையும் கூட்டிட்டு வா."

போகவில்லை. அந்த எண்ணுக்குச் சில நிமிடம்தான் ஆயுள். அது முடிந்ததும் பையன் அடுத்தவரைக் கூப்பிட்டான்.

இதைக் கேட்கிற நண்பர்கள் இரண்டு விதமாகப் பேசுகிறார்கள். ஒரு சாரார், ஆயிரம் ரூபாய்க்கு இவ்வளவா என்கிறார்கள். இவர்களில் சிலர் பெண் விடுதலை பற்றி மேடையில் நன்றாகப் பேசுகிறவர்கள். ஒரு சிலிண்டர் வாங்கி, மிச்சத்தில் பிள்ளைக்கு நோட்டு வாங்கும் ஒருத்தி இவர்களுக்கு இலவசத்துக்குக் கை நீட்டுகிறவளாகத் தெரிகிறாள். நான் இந்தத் திட்டத்துக்கு எதிரானவள் இல்லை. வீட்டு வேலைக்குக் கூலி கொடு என்று 1970களில் இத்தாலியிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பெண்கள் இயக்கம் நடத்தினார்கள். மரியாரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெடரிச்சி என்ற பெயர்களை நாம் வாசகர் வட்டங்களில் உச்சரித்துக்கொண்டிருந்தபோது, இங்கே ஒரு மாநில அரசு 'உரிமை' என்ற சொல்லைப் பணத்தோடு ஒட்டவைத்து ஒரு கோடிக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கொடுத்தது. அது சின்ன விஷயம் இல்லை. 2019இல் ஒன்றிய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு அந்த வேலையைச் செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த 299 நிமிடத்துக்கான ஒப்புகைச் சீட்டு இந்த ஆயிரம். உரிமை என்று பெயர் வைத்ததால்தான் சண்டைக்கே வருகிறேன். உதவித்தொகை என்று வைத்திருந்தால் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பேன்.

இன்னொரு சாராருக்குத் தொழில்நுட்பத்தின் மேல் பக்தி. எல்லாம் ஆன்லைன் ஆனதால் இடைத்தரகர் ஒழிந்தார், தலையாரிக்கும் கவுன்சிலருக்கும் வெட்டத் தேவையில்லை, பணம் நேராகப் பெண்ணின் கணக்குக்குப் போகிறது என்கிறார்கள். பாதி உண்மை. எங்கள் அம்மா விதவை ஓய்வூதியத்துக்கு அலைந்த காலத்தில் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தாள் என்று எனக்குத் தெரியும், அந்தக் காலம் திரும்ப வேண்டாம். ஆனால் தரகர்களிலேயே மூத்த தரகர் வீட்டுக்குள் இருக்கிறாரே. அவரை யாரும் ஒழிக்கவில்லை. அவர் கையிலேயே சாவியைக் கொடுத்து, அதற்கு ஆறு இலக்கத்தில் ஓர் எண்ணையும் போட்டிருக்கிறார்கள்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் தாமே பயன்படுத்தும் கைபேசி உள்ள பெண்கள் 54 சதவீதம். அரசு எடுத்த கணக்குதான். ஒவ்வொரு இணையதளத்தையும் வடிவமைக்கும் அறையில் இந்த எண்ணைச் சுவரில் ஒட்டிவைத்திருக்க வேண்டும். கணவர் போன், மகன் போன், மாப்பிள்ளை ரீசார்ஜ் செய்து கொடுத்த போன், வாடகை வீட்டுக்காரம்மா போன் என்று எண் கொடுத்தவர்கள்தான் என் தெருவில் பாதிப் பேர். கொரோனா ஊரடங்கில், 2020 ஏப்ரலில் இருந்து மூன்று மாதம், ஜன்தன் கணக்கு வைத்திருந்த பெண்களுக்கு மாதம் ஐந்நூறு ரூபாய் வந்தது. பணம் வந்த செய்தி மகனுக்குப் போய், ஏடிஎம் கார்டும் அவனிடமே இருந்து, தனக்கு வந்தது தெரியாமலே இருந்த பெரியம்மா எங்கள் தெருவில் இருக்கிறார். கணக்கு அவர் பெயரில்தான். கேட்டால் மகனை விட்டுக்கொடுக்க மாட்டார்.

முகாம் நடந்தபோது பக்கத்து வீட்டு அக்காவோடு துணைக்குப் போனேன். என் வேலை நடக்காது, அவர் வேலையாவது நடக்கட்டும் என்று. நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார், தன் வீட்டோடு ஐந்து. அட்டை, ஆதார், பாஸ்புக், கரண்ட் பில் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைப் பையில் சரியாக வைத்திருந்தார். தன்னார்வலப் பெண் விரலை வைக்கச் சொன்னாள். கருவி ஏற்கவில்லை. வலது கட்டைவிரல், ஆள்காட்டி, இடது கை. சேலையில் துடைத்து வைத்தார். பவுடர் துணியால் துடைத்து வைத்தார். "ரேகையே இல்லையேக்கா, கையில என்ன செய்றீங்க?" என்று அந்தப் பெண் உண்மையிலேயே அக்கறையாகத்தான் கேட்டாள். அக்கா சிரித்துக்கொண்டு, "சோப்புத்தூள்" என்றார்.

அந்த அறையில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெண்களின் ஓயாத உழைப்புக்கு மரியாதை என்று பதாகை. அதன் கீழே உழைத்துத் தேய்ந்த விரலைக் கருவி திருப்பி அனுப்புகிறது. முப்பது வருடம் சபீனாவிலும் சாம்பலிலும் கிடந்த கை அது. அக்காவுக்கு ஆறாவது தடவையில் ஏற்றது. ஏற்காமல் போன ஒருவர் எங்களுக்கு முன்னால் அழாத குறையாகக் கிளம்பிப்போனார்.

விண்ணப்பித்தவர்கள் 1 கோடியே 63 லட்சம் பேர். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் திட்டம் தொடங்கியபோது தேர்வானவர்கள் 1 கோடியே 6 லட்சத்து 50 ஆயிரம். 56 லட்சத்துக்கும் மேல் நிராகரிப்பு. அவர்களுக்குக் குறுஞ்செய்தி போகும், முப்பது நாளுக்குள் இ-சேவை வழியாகக் கோட்டாட்சியருக்கு மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். அந்தக் குறுஞ்செய்தியும் யார் போனுக்குப் போனதோ. என் கதை அதற்கும் வெளியே. நான் விண்ணப்பிக்கவே முடியாதவள். நிராகரிக்கப்படவில்லை, எனவே மேல்முறையீடு இல்லை. 163 லட்சத்திலும் இல்லை, 56 லட்சத்திலும் இல்லை. கணவனைப் பிரிந்து, விவாகரத்து வழக்குக்குக் காசில்லாமல், தாலியையும் கழற்றாமல் அண்ணன் வீட்டு மாடியிலும் அம்மா வீட்டுத் திண்ணையிலும் இருப்பவர்கள் என்னைப் போல எத்தனை பேர் என்று எந்த முகாமும் எண்ணவில்லை. திருமணமாகாத தனித்த பெண், கைம்பெண், திருநங்கை தலைமையில் உள்ள குடும்பங்களை விதிமுறை நினைத்துப் பார்த்திருக்கிறது. அது நல்லது. ஆனால் அவர்களும் அட்டையில் தலைவியாக இருக்க வேண்டும். வாசலைத் தாண்டிவிட்டவளின் பெயர் உள்ளேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யோசிக்க, அந்த மேசையில் வாசலைத் தாண்டியவள் ஒருத்தியாவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

வட்ட வழங்கல் அலுவலகம் ஒன்றுக்கும் போனேன். பிரிந்து வாழும் பெண் நீதிமன்றச் சான்று இல்லாமலே பெயரை நீக்கிக்கொள்ளலாம் என்று உத்தரவு இருக்கிறது என்றார் ஒருவர். அப்படி ஒன்றும் இல்லை, குடும்பத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார் அடுத்த மேசைக்காரர். இருவரும் என் முன்னாலேயே கொஞ்ச நேரம் வாதாடிவிட்டு, பேசித் தீர்த்துக்கோங்கம்மா, பொம்பளப்பிள்ளை இருக்கில்ல என்று ஒரே குரலில் முடித்தார்கள். அங்கே அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அந்த அட்டைக்கு இப்போது பணம் வருகிறது. என் மாமியாருக்கு. ஒன்றுக்கு மேற்பட்ட தகுதியுள்ள பெண்கள் இருந்தால் குடும்பமே ஒருவரைத் தேர்ந்துகொள்ளலாம் என்று விதி. குடும்பம் தேர்ந்துகொண்டது. இதைச் சொன்னால் என் மேல் பரிதாபப்படுகிறவர்கள் உடனே அந்தக் கிழவியைத் திட்டுகிறார்கள். வேண்டாம். என் முதுகில் விழுந்த அடிகளில் சிலவற்றை அவர் தன் கையில் வாங்கியிருக்கிறார். அந்த ஆயிரத்தை அவர் வைத்துக்கொள்ளட்டும், அவரிடமே அது தங்கினால் எனக்குச் சந்தோஷம். ஓர் அட்டைக்கு ஒரு பெண் என்று போட்டு, இரண்டு பேருடைய உழைப்பில் ஒன்றைத்தான் எண்ணுவேன் என்று சொன்னது அவரா? மாமியாரும் மருமகளும் அடித்துக்கொள்ளும் கதையை நாடகத் தொடர்கள் போதாதென்று அரசாணையும் எழுத வேண்டுமா?

வேறு வழியே இல்லை, கோடிக்கணக்கான பேருக்கு இப்படித்தான் சரிபார்க்க முடியும் என்பவர்களை நான் டவுன் பஸ்ஸில் ஏறச் சொல்வேன். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நான் தினமும் அச்சகத்துக்கு அதில்தான் போகிறேன். நடத்துநர் என் கணவர் பெயரைக் கேட்பதில்லை. கரண்ட் பில் கேட்பதில்லை. கார் வைத்திருக்கிற வீட்டுப் பெண் ஏறினாலும் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறார், யாரும் மூழ்கிப்போகவில்லை. ஒரு பெண் நிற்கிறாள் என்பதே அங்கே போதுமான ஆவணம். அதே அரசு, அதே பெண்கள். பணம் என்று வந்ததும் ஏன் அட்டையும் ஆணும் நடுவில் வந்து நிற்கிறார்கள்? விண்ணப்பிக்கிறவள் சொல்கிற எண்ணுக்கு ஓடிபி அனுப்புவதற்கு என்ன தடை? போனே இல்லாதவளிடம் ஒரு தாளில் எழுதி வாங்கி, முத்திரை குத்தி, ரசீது கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? நான் பிரிந்து வாழ்கிறேன் என்று நானே எழுதிக் கொடுத்தால் நம்ப மாட்டார்கள். நான் அவருடைய மனைவி என்று அட்டை சொன்னால் ஏழு வருடமானாலும் நம்புவார்கள்.

2025 ஜூலையில் 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்கள் தொடங்கின, விடுபட்டவர்கள் மறுபடி கொடுக்கலாம் என்றார்கள். ஒரு மணி நேர அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். மகளும் வந்தாள், அவளுக்கு இப்போது பதின்மூன்று. படிவத்தை அவள்தான் நிரப்பினாள். கைபேசி எண் என்ற இடத்தில் என் எண்ணை எழுதினாள். மேசையில் இருந்த பெண் அட்டை எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இந்தக் கார்டுக்கு ஏற்கனவே பயனாளி இருக்காங்களே" என்றாள். விவரத்தைச் சொன்னேன். முழுவதும் கேட்டாள், பாவம், மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கேட்டாள். பிறகு பெயர் நீக்கத்துக்குத் தனி மனு எழுதச் சொல்லி, திரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இதுல முடியிற நம்பர் யாருது? போன் இப்ப பக்கத்துல இருக்கா?"

என் மகள் என்னைப் பார்த்தாள். "இல்ல, அது எங்க நம்பர் இல்ல" என்று அவளே சொன்னாள்.