சிறு தேசத்தின் அரண்

வலியவன் அண்டை வீட்டில் இருந்தால் எளியவன் என் செய்வான்? பின்லாந்தின் சரித்திரம் இதற்கு விடை கூறுகிறது.

ஒருவரையொருவர் தாக்குவதில்லை என்று 1932-ல் ஸோவியத் ருஷ்யா அத்தேசத்துடன் உடன்படிக்கை செய்துகொண்டது. 1939 நவம்பர் 30-ந் தேதி அதே ருஷ்யாவின் விமானங்கள் ஹெல்ஸிங்கி நகரின்மீது குண்டு பொழிந்தன. சர்வதேச சங்கம் ருஷ்யாவை விலக்கிற்று. ஆயினும் எந்த வல்லரசும் சேனை அனுப்பவில்லை. நாற்பது லட்சத்துக்கும் குறைந்த ஜனங்கள் 105 நாள் தனித்துப் போராடினார்கள். தேசத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு போயிற்று, சுதந்திரம் நிலைத்தது.

பிறகு பல்லாண்டு அண்டை நாட்டைச் சீண்டாமல் நடுநிலை காத்தார்கள். அதற்கு விலையும் கொடுத்தார்கள். ருஷ்யாவைக் குறை கூறப் பத்திரிகைகளும் தயங்கின. ஆனால் ஆயத்தத்தை மட்டும் கைவிடவில்லை. ஆடவருக்கு ராணுவப் பயிற்சி கட்டாயம். தானியமும் எரிபொருளும் மாதக்கணக்கில் சேமிப்பில் உண்டு. சுமார் 55 லட்சம் ஜனங்களில் 48 லட்சம் பேருக்குப் பாதுகாப்பு அறைகளில் இடம் இருக்கிறது.

2022-ல் ருஷ்யா உக்ரேன்மீது பெரும்படை ஏவியதைக் கண்டு, 2023 ஏப்ரல் 4-ந் தேதி பின்லாந்து நேட்டோவில் சேர்ந்தது. துணை தேடுவது தவறன்று. எனினும், தன் வீட்டுக் கதவைத் தானே தாழிடக் கற்றவனுக்கே அயலார் துணை பயன்படும் என்பது நம் கருத்து.