நம்ம கரும்புப் பணம் கடன் இல்லையாம், அடிக்குறிப்பாம்!



ஆலை வாசலில் எத்தனை தடவை உட்கார்ந்தோம் என்பதற்குக் கணக்கில்லை. ஆர்.டி.ஓ. ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ், குறைதீர்க்கும் நாள், முத்தரப்புப் பேச்சுவார்த்தை எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஆலைத் தரப்பு சொல்வது "பாக்கி இருக்கு, பார்த்துச் செய்யறோம்" என்பதுதான். நாமும் ஆலைக் கணக்கில் நம்ம பாக்கி ஏறி இருக்கிறது, பணம் இல்லாததால் இழுக்கிறார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

ஏறவே இல்லை ஐயா! ஆலையின் ஆண்டறிக்கையை வாங்கி, தணிக்கைக் கணக்கு தெரிந்த ஒரு தம்பியை வைத்துக்கொண்டு ரெண்டு ராத்திரி பக்கம் பக்கமாகப் பார்த்தோம். வங்கிக்குத் தர வேண்டியது இருக்கிறது. சாக்குப் பை சப்ளை செய்தவருக்குத் தர வேண்டியது இருக்கிறது. ஊழியர்களின் கிராஜுவிட்டிக்கும் விடுப்புச் சம்பளத்துக்கும் ஒதுக்கு இருக்கிறது. தொழிலாளிக்கு ஒதுக்கி வைத்ததை நாம் குறை சொல்லவில்லை, அது அவர்கள் வியர்வை. நம்ம மாநில விலை பாக்கி மட்டும் கடன் பட்டியலில் எங்கேயும் காணோம். கடைசியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பில் கண்டுபிடித்தோம். தலைப்பு என்ன தெரியுமா? "கம்பெனி கடனாக ஒப்புக்கொள்ளாத கோரிக்கைகள்." அதன் கீழே ரெண்டரை வரி. தொகை கூட இல்லை. "கணக்கிட இயலவில்லை" என்று முடித்துவிட்டார்கள்.

நம்ம ஊர் மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டு வைத்திருப்பார். தர வேண்டியதை முன்பக்கத்தில் மையால் எழுதுவார். "அவன் சும்மா கேக்கறான், பாப்போம்" என்கிற சமாச்சாரத்தைப் பின் அட்டையில் பென்சிலால் கிறுக்கி வைப்பார். ஆலை நம்ம பணத்தைப் பின் அட்டையில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

இது ஏதோ ஆலை மானேஜர் தானாகக் கண்டுபிடித்த தந்திரம் இல்லை. கணக்குச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது. அந்த இடத்தைத்தான் வளைத்துப் போட்டிருக்கிறார்கள். அது என்ன என்று எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். நாளைக்கு எதிரே உட்கார்ந்து பேசும்போது நம்மை வாயடைக்க இதைத்தான் எடுப்பார்கள்.

2004 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கணக்கியல் தரம் 29 என்று ஒன்று இருக்கிறது. ஷேர் மார்க்கெட்டில் இருக்கிற கம்பெனிகள் இப்போது அதற்குப் பதிலாக இந்தியக் கணக்கியல் தரம் 37-ஐப் பின்பற்றுகின்றன. ரெண்டும் கேட்பது ஏறக்குறைய ஒன்றுதான். நடந்து முடிந்த ஒரு காரியத்தால் கம்பெனிக்குக் கடமை உண்டாகி இருக்கிறதா? அதற்காகப் பணம் வெளியே போவதற்கு, போகாமல் இருப்பதைவிட வாய்ப்பு அதிகமா? தொகையை நம்பகமாகக் கணக்குப் போட முடியுமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால் அதற்கு 'ஒதுக்கு' எழுதியாக வேண்டும். லாபத்தில் கழித்து, கடன் பக்கம் ஏற்றியாக வேண்டும். ஆமாம் என்று சொல்ல முடியாதபோதுதான் 'கண்டிஞ்சன்ட் லயபிலிட்டி', அதாவது வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிற பொறுப்பு. அதைக் குறிப்பில் சொன்னால் போதும், லாபம் குறையாது. வாய்ப்பே மிகமிகக் குறைவு என்றால் குறிப்பும் தேவையில்லை.

இந்த விதியில் தப்பில்லை. கம்பெனி மேல் யார் வேண்டுமானாலும் கேஸ் போடலாம். போட்டதை எல்லாம் கடன் என்று எழுதினால் கணக்கே நிற்காது. ஆனால் வாய்ப்பு அதிகமா, குறைவா என்று தீர்மானிக்கிற ஆள் யார்? பணம் தர வேண்டிய ஆலையேதான்! அதற்கு யோசனை சொல்கிறவர் ஆலையின் வக்கீல். சரி பார்க்கிற ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுப்பதும் ஆலை. கரும்பு கொடுத்தவனை ஒரு வார்த்தை கேட்பார் உண்டா?

சரி, அந்த மூன்று கேள்விக்கும் நாமே பதில் சொல்வோம்.

காரியம் நடந்து முடிந்ததா? வெட்டு உத்தரவு கொடுத்தது ஆலை. ஆள் பிடித்து, சோகை உரித்து, டிராக்டரில் ஏற்றி, ராத்திரி முழுக்கப் பனியில் வரிசையில் நின்று இறக்கினது நாம். எடை மேடையில் எடை போட்டது ஆலை. அரைத்துச் சர்க்கரையாக்கி விற்று முடித்ததும் ஆலை. இதற்கு மேல் நடக்க என்ன பாக்கி?

கணக்குப் போட முடியுமா? இதுதான் வயிறு எரிகிற இடம். எடை மேடையில் கழிவு என்று கிலோக் கணக்கில் பிடித்தவர்களுக்கு, பிழிதிறனைப் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு இலக்கம் வரை எழுதுகிறவர்களுக்கு, நமக்கு எவ்வளவு தர வேண்டும் என்று மட்டும் கணக்கிட இயலவில்லையாம்! நாம் போட்டுக் காட்டுகிறோம். 2015-16 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த விலை டன்னுக்கு 2,300 ரூபாய். மாநில அரசு அறிவித்தது, போக்குவரத்துக்கான 100 ரூபாயைச் சேர்த்து 2,850. அந்த 100 ரூபாயைத் தள்ளிவிட்டால் வித்தியாசம் டன்னுக்கு 450. ஏக்கருக்கு 40 டன் வெட்டினவருக்கு, ஒரே ஒரு ஏக்கருக்கு, ஒரே ஒரு பருவத்துக்கு 18,000 ரூபாய். தமிழ்நாட்டில் தனியார் ஆலைகளோடு இந்தத் தகராறு 2013-14 முதல் 2016-17 வரை நாலு பருவத்துக்கு இருக்கிறது. ஆறாம் வகுப்புப் பிள்ளை போடும் கணக்கு இது.

வட்டியும் இருக்கிறது. 1966-ஆம் ஆண்டு கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை என்ன சொல்கிறது? கரும்பு இறக்கின 14 நாளில் பணம் தர வேண்டும். தவறினால் வருஷத்துக்கு 15 சதவீதம் வட்டி. அந்த 18,000-க்கு வருஷ வட்டி 2,700 ரூபாய். ஏழு வருஷத்தில் வட்டி அசலைத் தாண்டிவிடும். இந்த வட்டிக்கும் ஆலைக் கணக்கில் ஒதுக்கு இல்லை. வங்கிக்குத் தர வேண்டிய வட்டி மட்டும் பைசா சுத்தமாக ஏறி இருக்கிறது.

பணம் போக வாய்ப்பு அதிகமா என்பதுதான் மிச்சக் கேள்வி. இங்கேதான் ஆலை ஒளிந்துகொள்கிறது. "மாநில விலை என்பது பரிந்துரை விலைதானே, கட்டளை இல்லையே" என்கிறது. இதற்குப் பதில் சொல்லாமல் கோஷம் மட்டும் போட்டால் பயனில்லை.

மத்திய அரசு விலைக்கு மேல் விலை வைக்க மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2004-ல் சொன்னது. அதில் சந்தேகம் கிளப்பி ஆலைகள் மறுபடி போனபோது, 2020 ஏப்ரலில் இன்னொரு ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே சொன்னது. ரெண்டும் உத்தரப் பிரதேச வழக்குகள். அங்கே அதற்கென்று தனிச் சட்டம் உண்டு, இங்கே வேறு என்று ஆலை வக்கீல் வாதாடுவார். வாதாடட்டும், கோர்ட்டில் நாமும் பதில் சொல்வோம். ஆனால் கணக்கியல் தரம் சட்டக் கடமையோடு நிற்கவில்லை என்பதை மறைக்கிறார்களே, அதைக் கேட்க வேண்டும். தொடர்ந்து ஒரு வழக்கப்படி பணம் கொடுத்து, இனியும் கொடுப்பார்கள் என்று எதிர்த்தரப்பு நியாயமாக நம்பும்படி நடந்துகொண்டிருந்தால் அதுவும் கடமைதான் என்று இந்தியக் கணக்கியல் தரம் 37 சொல்கிறது. பழைய தரம் 29-ம் தொழில் வழக்கத்தையும் நடைமுறையையும் சேர்த்தே பேசுகிறது. நம்ம ஆலை 2013-க்கு முன்னால் பருவா பருவம் மாநில விலையைக் கொடுத்ததா இல்லையா? கொடுத்தது. நம்ம வீட்டுப் பாஸ்புக்கில் வரவு இருக்கிறது. கரும்பு பதியச் சொல்லி பீல்டுமேன் வரப்பு வரப்பாக வந்து நின்றபோது எந்த விலையைச் சொன்னார்? மத்திய விலையையா சொன்னார்? அந்த விலையை நம்பித்தானே கட்டைக் கரும்பையும் உழாமல் விட்டோம்!

இதை எல்லாம் நேரில் கேட்க வேண்டும் என்று நம்ம சங்க உறுப்பினர் மகன் பேரில் ஆலையின் ஷேர் ஒன்றே ஒன்று வாங்கினோம். ஒரு ஷேர் வைத்திருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கூட்டம் வீடியோவில் நடந்தது. டீக்கடை பெஞ்சில் ஆறு பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்து, சிக்னல் போகாமல் இருக்க ஒருவர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தார். மூன்று மணி நேரத்தில் நமக்குக் கிடைத்தது ரெண்டு நிமிஷம். கேட்டோம். "வழக்கு நிலுவையில் உள்ளது. சட்ட ஆலோசனையின்படி ஒதுக்கு தேவையில்லை என்று நிர்வாகம் கருதுகிறது. அடுத்த கேள்வி." அதே கூட்டத்தில் லாபப் பங்கு வழங்கும் தீர்மானம் நிறைவேறியது. நம்ம ஒரு ஷேருக்கும் பங்கு வந்தது, டீ செலவுக்குக் கூடக் காணாது!

சிரிப்பதற்காகச் சொல்லவில்லை. நம்ம பாக்கியைக் கடன் பக்கம் ஏற்றினால் அந்த லாபம் சுருங்கும், அல்லது நஷ்டமாகவே மாறும். அப்புறம் பங்கு எங்கே கொடுப்பது? ஏற்றாமல் விட்டதால் லாபம் என்று காட்டி எடுத்துக்கொண்டார்கள். அது யார் பணம்?

இதையே திருப்பிப் போட்டுப் பாருங்கள். கூட்டுறவு சொசைட்டியில் நகைக் கடன் வாங்கினோம். கரும்புப் பணம் வராததால் கட்ட முடியவில்லை. "வட்டியில் எங்களுக்குத் தகராறு இருக்கிறது, அதனால் எங்கள் கடனை வந்தாலும் வரும் வராமலும் போகும் என்று குறிப்பில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று நாம் சொன்னால் விடுவார்களா? ஏல நோட்டீஸ் வீட்டுக் கதவில் ஒட்டப்படும். நாம் பட்ட கடன் மையில் இருக்கும், நமக்கு வர வேண்டியது மட்டும் பென்சிலிலா?

"கணக்கில் எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன, கேஸ் ஜெயித்தால் பணம் வந்துதானே ஆகும்" என்று சிலர் கேட்கிறார்கள். வராது. ஆலை நொடித்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி ஆலை கம்பெனி தீர்ப்பாயத்துக்குப் போனால், கேட்பு மனு கொடுத்தவர்களின் கடன்தான் பரிசீலனைக்கு வரும். ஆலையை வேறொருவர் எடுத்து நடத்த ஒரு திட்டம் அங்கீகாரம் ஆகிவிட்டால், அந்தத் திட்டத்தில் இடம்பெறாத பழைய பாக்கி அத்தோடு ஒழிந்தது என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. புதிதாக வருகிறவர் பழைய கரும்புக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை. கலைத்து விற்றாலோ, அடமானம் வைத்திருக்கும் வங்கியும் தொழிலாளியும் முன்வரிசை. அரசாங்க வரி அதற்கு அப்புறம். நாம் அதற்கும் பின்னால் நிற்க வேண்டும். அந்த நாள் வரும்போது, கம்பெனியே கடன் என்று எழுதி, ஆடிட்டர் கையெழுத்துப் போட்ட பாக்கியும், கம்பெனி ஒப்புக்கொள்ளாத கோரிக்கையும் ஒரே மதிப்பா? முன்னதற்குக் கணக்குப் புத்தகமே சாட்சி. பின்னதற்கு நாம் சாட்சி தேடி அலைய வேண்டும். அதனால்தான் இந்த ரெண்டரை வரிக்காக இவ்வளவு கத்துகிறோம்.

2017-18 முதல் மாநில விலை முறையே நின்றுபோய், வருவாய்ப் பங்கீடு என்று 2018-ல் தனிச் சட்டமும் வந்துவிட்டது. ஆகவே இந்தப் பழைய நாலு பருவப் பாக்கி புதிதாக வளரப் போவதில்லை. எல்லோரும் களைத்து மறந்துவிட்டால் ஒரு வருஷம் அந்தக் குறிப்பையும் சத்தமில்லாமல் எடுத்துவிடுவார்கள்.

ஆலை நிர்வாகத்துக்கு நாம் வைக்கும் கோரிக்கை இதுதான். வருகிற ஆண்டுக் கணக்கிலேயே நாலு பருவ மாநில விலை வித்தியாசத்தையும் 15 சதவீத வட்டியையும் ஒதுக்காக எழுது. கோர்ட் தீர்ப்பு வரும்வரை எழுத மாட்டேன் என்றால், குறைந்தபட்சம் குறிப்பிலாவது ரூபாய்க் கணக்கில் தொகையைப் போடு, பயிரிட்டவர் வாரியாகப் பட்டியலைக் கோட்ட அலுவலகத்தில் ஒட்டு. ஆடிட்டருக்கும் பதிவுத் தபால் அனுப்புகிறோம். வழக்குகளைப் பற்றி ஆலை சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டு போக வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. வெளி வக்கீலுக்கு அவரே கடிதம் எழுதிக் கேட்கத் தணிக்கைத் தரம் வழி வைத்திருக்கிறது. கேட்டாரா என்று நமக்குத் தெரிய வேண்டும். சர்க்கரைத் துறை ஆணையர் சான்று கொடுத்தால் கரும்புப் பாக்கியை நிலவரிப் பாக்கி போல ஜப்தி செய்து வசூலிக்கக் கட்டுப்பாட்டு ஆணையில் இடம் இருக்கிறது. அதையும் எழுதிக் கேட்கப் போகிறோம்.

வருகிற திங்கட்கிழமை காலை 10 மணிக்கு ஆலை வாசலில் பெருந்திரள் ஆர்ப்பாட்டம். சும்மா கை வீசிக்கொண்டு வர வேண்டாம். நாலு பருவத்து எடைச் சீட்டு, கிரயச் சீட்டு, பாஸ்புக் எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு வாருங்கள், அசல் வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். நம்ம கணக்கை நாமே எழுத வாசலில் மேஜை போட்டிருப்போம். ஊர் வாரியாக ஒரு நோட்டு, ஆள் வாரியாக ஒரு பக்கம். சீட்டு தொலைந்தவர்கள் கரும்புப் பதிவு எண்ணைச் சொன்னால் போதும். கரும்பு வெட்டினவர் காலமாகி இருந்தால் அவர் வீட்டுக்காரம்மாவோ பிள்ளையோ வாரிசுச் சான்றோடு வர வேண்டும். அப்படி நம்ம பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், தெருவில் யார் வீடு என்று தெரிந்தவர்கள் கையோடு கூட்டி வாருங்கள். மையால் எழுதுவோம்.

இவண்,
விவசாயிகள் சங்கம்