உத்தனப்பள்ளிப் பிள்ளைக்கு எத்தனை கால அட்டவணை?

வைத்தியக் கல்லூரியில் சேர விரும்பும் ஏழைப் பிள்ளைக்கு இந்நாளில் புத்திக் குறைவைக் காட்டிலும் பெரிய தடையாக நிற்பது காலக் குறைவேயாகும். நீட் என்னும் நுழைவுப் பரீட்சையைப் பற்றி மேடைகளிலும் சட்டசபையிலும் பேசப்பட்டவை அனந்தம். ஆயினும் அப்பரீட்சை ஒரு கிராமத்து வித்தியார்த்தியின் நாளையும் வாரத்தையும் வருஷத்தையும் எவ்வாறு துண்டாடுகிறது என்ற சிறிய விஷயத்தை நம்மவர்கள் போதிய அளவு கவனித்ததாகத் தெரியவில்லை.

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் உள்ளது உத்தனப்பள்ளி. கன்னட நாட்டின் எல்லைக்கு அணித்தான பிரதேசம். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே சந்தையில் பேசப்படுபவை. நேற்றுவரை தக்காளியும் ராகியும் பூவும் விளைந்த அப்பூமியில் இன்று ஆலைகள் எழும்பியிருக்கின்றன. நாகமங்கலத்தை ஒட்டி டாடா எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியார் அமைத்துள்ள பெரிய தொழிற்சாலையில் கைப்பேசிக்கான உறுப்புகள் செய்யப்படுகின்றன. அங்கு வேலை செய்வோரில் பெரும்பாலார் இளம் பெண்கள். 2023-ஆம் வருஷத்தில் உத்தனப்பள்ளி, அயர்னப்பள்ளி, நாகமங்கலம் ஆகிய ஊர்களின் விவசாயிகள், சிப்காட்டுக்காகத் தங்கள் விளைநிலத்தை எடுக்கலாகாது என்று போராடியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இதே கிருஷ்ணகிரி ஜில்லாவுக்கு 2022-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் ஓர் அரசாங்க வைத்தியக் கல்லூரியும் திறந்துவைக்கப்பட்டது. வருஷந்தோறும் நூற்றைம்பது மாணவர்கள் சேரத்தக்க கல்லூரி அது. ஆக, பதினெட்டு வயதாகும் ஒரு பெண்ணின் எதிரே இரண்டு வாயில்கள் திறந்திருக்கின்றன. ஒன்று ஆலை வாயில், மற்றொன்று கல்லூரி வாயில். முதலாவது வாயில் எந்த மாதமும் திறந்திருக்கும். இரண்டாவது வாயில் வருஷத்தில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், மூன்று மணி நேரம் மாத்திரமே திறக்கிறது.

அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு பிள்ளை எவ்வாறு தயாராகிறது என்பதைப் பார்ப்போம். பள்ளிக்கூடத்தில் நடப்பது மேல்நிலைப் பொதுப் பரீட்சைக்கான பாடம். அதில் விரிவாக விடை எழுத வேண்டும். சமன்பாட்டைப் படிப்படியாக நிறுவ வேண்டும். படம் வரைந்து பாகங்களைக் குறிக்க வேண்டும். செய்முறைப் பரீட்சைக்கு ஆய்வுக்கூடத்தில் நிற்க வேண்டும். நீட் பரீட்சையிலோ நூற்றெண்பது வினாக்களுக்கு நூற்றெண்பது நிமிஷங்கள். வினா ஒன்றுக்கு நிமிஷம் ஒன்று. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண். தப்பினால் ஒன்று கழிக்கப்படும். முன்னதற்கு வேண்டியது கை எழுதும் பழக்கம். பின்னதற்கு வேண்டியது கண நேரத்தில் தள்ளுவதைத் தள்ளிக் கொள்ளுவதைக் கொள்ளும் பழக்கம். விஷயம் ஒன்றேயாயினும் சாதகம் வேறு. ஒரே பிள்ளை ஒரே வேளையில் இவ்விரண்டையும் பயில வேண்டுமென்றால், பள்ளி விட்ட பிறகு மாலையிலோ, சனி ஞாயிறுகளிலோதான் இரண்டாவது அட்டவணைக்கு இடமுண்டு. ஓசூர் நகரத்தில் வசிக்கும் பிள்ளைக்கு அது சிரமம்; உத்தனப்பள்ளியைச் சுற்றிய குக்கிராமத்துப் பிள்ளைக்குக் கடைசி பஸ் எப்பொழுது என்பதே அதை நிர்ணயிக்கும். பெண்ணாயிருந்தால் இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும் என்ற மற்றோர் அட்டவணையும் உண்டு. அதை எந்தச் சர்க்காரும் அச்சிடவில்லை.

2025-ஆம் வருஷத்துப் பஞ்சாங்கத்தை எடுத்துக் கொள்வோம். மேல்நிலைப் பொதுப் பரீட்சை மார்ச் 3-ந் தேதி தொடங்கி 25-ந் தேதி முடிந்தது. நீட் பரீட்சை மே 4-ந் தேதி. இடையில் இருந்தவை நாற்பது நாட்கள். பொதுப் பரீட்சையின் முடிவு வெளியானது மே 8-ந் தேதி. நீட் முடிவு வெளியானது ஜூன் 14-ந் தேதி. அதற்குள் கலைக் கல்லூரிகள் விண்ணப்பங்களை வாங்கத் தொடங்கிவிட்டன. வைத்தியம் கிடைக்குமோ கிடைக்காதோ என்று தெரியாத நிலையில், வேறொரு கல்லூரியில் பணம் கட்டி இடம்பிடித்து வைப்பதா, கட்டாமல் இருந்து இரண்டையும் இழப்பதா என்ற சங்கடம் குடும்பத்தின் தலையில் விழுகிறது. கையில் ரொக்கம் உள்ளவன் கட்டிவிட்டுக் காத்திருக்கிறான். தக்காளி விலை விழுந்த வருஷத்தில் உழவன் என்ன செய்வான்?

இவ்விடத்தில்தான் விஷயத்தின் உயிர்நிலை இருக்கிறது. இரண்டு வருஷத்தில் இரண்டு அட்டவணைகளும் அடங்கவில்லையானால், வசதியுள்ளவர்கள் மூன்றாவது வருஷம் ஒன்றை விலைக்கு வாங்குகிறார்கள். பள்ளியை முடித்துவிட்டு ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ பயிற்சிக்கூடத்தில் தங்கி, பரீட்சையை மறுபடியும் எழுதுகிறார்கள். நீதிபதி ஏ.கே. ராஜன் தலைமையில் நியமிக்கப்பட்ட கமிட்டியார் 2021-ஆம் வருஷத்தில் கொடுத்த அறிக்கை இதைத் தெளிவாக எடுத்துக் காட்டிற்று. நீட் வருமுன் நம் மாநில வைத்தியக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் மறுமுறை முயன்றவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று பேராக இருந்தது, 2020-21-இல் எழுபதைக் கடந்துவிட்டது. தமிழ் மூலம் படித்து வைத்தியத்தில் சேர்ந்தவர்கள் முன்பு நூற்றுக்குப் பதினான்கு, பதினைந்தாக இருந்தது போய், பின்னர் நான்கைக்கூட எட்டவில்லை. இவ்விரண்டு கணக்குகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இப்பரீட்சை அறிவை அளக்கிறதா என்பது பண்டிதர்களின் வாதம். அது காலத்தை அளக்கிறது என்பது கண்கூடு. யாருடைய வீட்டில் ஒரு பிள்ளை சம்பாதிக்காமல் ஒரு வருஷம் உட்கார்ந்திருக்க முடியுமோ, அவர்களுக்கே அது அநுகூலம். உத்தனப்பள்ளியில் அந்த ஒரு வருஷத்தின் விலை என்னவென்று எவரும் ஊகிக்க வேண்டியதில்லை. ஆலையில் பன்னிரண்டு மாதம் கிடைக்கக்கூடிய சம்பளமே அதன் விலை. அதன் மேல் பயிற்சிக் கட்டணமும் தங்குமிடச் செலவும் வேறு.

முற்காலத்தில் இந்தச் சிக்கல் இவ்வாறிருக்கவில்லை. இண்டர்மீடியட் காலத்திலும் சரி, பின்னர் வந்த புகுமுக வகுப்புக் காலத்திலும் சரி, வைத்தியத்துக்குச் செல்லும் மாணவன் கல்லூரியிலேயே அதற்குரிய ரசாயனமும் ஜீவசாஸ்திரமும் படித்தான். தொழிற்கல்விக்கு முந்திய வருஷம் என்றே ஒரு வகுப்பு இருந்தது. ஆசிரியர் ஒருவர், அட்டவணை ஒன்று. 1978-இல் மேல்நிலை வகுப்பு பள்ளிக்கூடங்களுக்கு வந்தது. 1984-இல் நம் மாநிலமே ஒரு நுழைவுப் பரீட்சையை ஏற்படுத்திற்று. 2006-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அதை நாமே நீக்கினோம். பத்து வருஷம் சென்று, நீக்கியதைக் காட்டிலும் கடினமானது டில்லியிலிருந்து வந்தது.

அமெரிக்கா தேசத்தில் வைத்தியத்துக்கு முன்னர் ஒரு பட்டப்படிப்பையே முடிக்க வேண்டும். அங்கும் ரசாயன ஆய்வுக்கூட வேளையும் பௌதிக வகுப்பும் ஒன்றோடொன்று மோதி மாணவர்கள் திண்டாடுவதுண்டு. ஆனால் இந்தப் பருவத்தில் விட்ட பாடத்தை அடுத்த பருவத்திலோ, கோடை விடுமுறையிலோ எடுத்துக்கொள்ளலாம். அவர்களுடைய வைத்தியக் கல்லூரிப் பரீட்சையும் ஒரே வருஷத்தில் பல தேதிகளில் நடைபெறுகிறது. இங்கும் வருஷத்துக்கு இரண்டு முறை நீட் நடத்தப்படும் என்று 2018-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் மத்திய சர்க்கார் அறிவித்தார்கள். ஆகஸ்டு மாதத்தில் அதைக் கைவிட்டார்கள். கம்ப்யூட்டரில் நடத்துவது கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கஷ்டம் என்று சொல்லப்பட்டது. கம்ப்யூட்டர் கஷ்டமென்றால் காகிதத்திலேயே இரண்டு முறை நடத்துவதற்கு என்ன தடை?

மனமிருந்தால் தேதிகளை மாற்ற முடியாது என்பதும் இல்லை. 2022-ஆம் வருஷத்தில் மத்தியப் பல்கலைக் கழகங்களுக்கான பொது நுழைவுப் பரீட்சை ஜூலை 15-ந் தேதியும், நீட் 17-ந் தேதியும் வந்து மோதின. பௌதிகம், ரசாயனம், உயிரியல் எடுத்த மாணவர்களுக்கு முன்னதை ஆகஸ்டு மாதத்துக்குத் தள்ளி வைத்தார்கள். இரண்டு மத்தியப் பரீட்சைகள் மோதினால் அவசரமாக வழி காண்பவர்கள், மத்தியப் பரீட்சை ஒன்றும் மாநிலப் பள்ளி அட்டவணை ஒன்றும் வருஷம் முழுவதும் மோதுவதைக் காணாதிருப்பது வியப்பே. தமிழ் வினாத்தாளில் 2018-இல் நாற்பத்தொன்பது வினாக்கள் பிழைபட மொழிபெயர்க்கப்பட்டு, மதுரை ஐகோர்ட்டார் மதிப்பெண் கொடுக்கச் சொல்லியும், சுப்ரீம் கோர்ட்டில் அது நிற்காமல் போன கதையை இங்கு விரிக்கவில்லை. தமிழ்ப் பிள்ளையின் நேரம் எவ்வளவு மலிவாக எண்ணப்படுகிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

மத்திய சர்க்கார் 2024-ஆம் வருஷம் ஜனவரியில் பயிற்சிக்கூடங்களுக்கு விதிகள் வகுத்தார்கள். பள்ளி நேரத்தில் பயிற்சி வகுப்பு நடத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. நல்ல விதிதான். ஆனால் அதே வருஷம் நவம்பரில், டில்லியிலும் ராஜஸ்தானத்திலும் இருபத்தொரு பள்ளிகளின் அங்கீகாரத்தை மத்திய இடைநிலைக் கல்வி வாரியத்தார் ரத்து செய்ய நேர்ந்தது. காரணம், அங்கே பெயர் மாத்திரம் பதிவாகியிருந்த மாணவர்கள்; பெயர் பள்ளியில், உடல் பயிற்சிக்கூடத்தில்! செல்வர் வீட்டுப் பிள்ளைகள் இரண்டு அட்டவணைகளில் ஒன்றைக் கிழித்தெறிந்து பிரச்னையைத் தீர்த்துக்கொண்டார்கள். கிராமத்து அரசாங்கப் பள்ளிப் பிள்ளையால் அது ஆகாது; அவனுக்கு ஆஜர் வேண்டும், ஸ்காலர்ஷிப் வேண்டும், ஒருவேளை மத்தியானச் சோறும் வேண்டும்.

நிற்க. நம் மாநில சர்க்காரின் பங்கு என்ன? நீட்டிலிருந்து விலக்குக் கோரிய மசோதாவுக்கு ஜனாதிபதியின் சம்மதம் மறுக்கப்பட்ட செய்தி 2025-ஆம் வருஷம் ஏப்ரலில் சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சி நடக்கட்டும். நாம் அதற்கு விரோதிகளல்லர். ஆனால் டில்லி இணங்கும் வரையில் பிள்ளைகளின் வயது காத்திருக்குமா? 2020-ஆம் வருஷத்துச் சட்டத்தால் அரசாங்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நூற்றுக்கு ஏழரை இடம் ஒதுக்கியதும், அவர்களுடைய கட்டணத்தைச் சர்க்காரே ஏற்றதும் மெய்யாகவே பெரிய உபகாரங்கள். அவ்விடங்களையும் இரண்டாம் மூன்றாம் முறை எழுதியவர்களே பெரிதும் பெறும்படி விடலாகாது. 2017-இல் ஒன்றியந்தோறும் பயிற்சி மையங்களென்று 412 மையங்கள் அறிவிக்கப்பட்டன. எண்ணிக்கையைப் பற்றி நமக்கு ஆட்சேபமில்லை; வேளையைப் பற்றியே ஆட்சேபம். சனிக்கிழமைப் பயிற்சி என்பது வாரம் முழுவதும் களைத்த பிள்ளையின் ஓய்வைப் பறித்துக் கொடுக்கப்படும் பயிற்சி. பள்ளி வேளையிலேயே, பள்ளி ஆசிரியரைக் கொண்டே, விஞ்ஞானப் பிரிவினருக்கு நாளொன்றுக்கு ஒரு பாடவேளையை ஏன் இதற்கு ஒதுக்கலாகாது?

பதினோராம் வகுப்பு விஷயம் மற்றொன்று. 2018 முதல் நடந்துவந்த அவ்வகுப்பின் பொதுப் பரீட்சை, 2025-26 முதல் ரத்து செய்யப்பட்டது. பிள்ளைகளின் பாரம் குறைந்தது என்று மகிழ்ந்தவர்கள் பலர். நமக்கு ஓர் அச்சமுண்டு. பொதுப் பரீட்சை இல்லாத காலத்தில் பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் புத்தகத்தை ஓரங்கட்டி, இரண்டு வருஷமும் பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே உருப்போட வைத்தன. நீட் வினாக்களோ இரண்டு வகுப்புப் பாடங்களிலிருந்தும் வருகின்றன. இன்று கிடைத்த ஓய்வு, இரண்டு வருஷம் கழித்து நுழைவுப் பரீட்சைக் கூடத்தில் பற்றாக்குறையாக வந்து நிற்கலாம். ரத்து செய்த ஒரு பரீட்சையின் காலத்தை வீணாக்காமல், அவ்வகுப்பிலேயே ஒரு வினாவுக்கு ஒரு நிமிஷம் என்ற பழக்கத்தைத் தொடங்கினால் நாற்பது நாள் அவதி பாதியாகும்.

அந்த நாற்பது நாட்களுக்கோ, தங்குமிடம் வேண்டும். பொதுப் பரீட்சை முடிந்த மறுநாளே பிள்ளைகளை ஜில்லாவின் இரண்டு மூன்று இடங்களில் தங்கவைத்து, உணவளித்து, பயிற்றினால் பஸ் பிரச்னையே எழாது. கோடையில் காலியாகக் கிடக்கும் விடுதிகள் எத்தனை! முதல் முறை சிறிது குறைவாக வாங்கிய ஏழைப் பிள்ளைகளில் தகுதியுடையவர்களுக்கு ஒரு வருஷ உதவிச் சம்பளமும் தங்குமிடமும் கொடுத்து, மறுபடியும் எழுதச் செய்யலாம். செல்வன் விலைக்கு வாங்கும் மூன்றாவது வருஷத்தை ஏழைக்குச் சர்க்கார் வாங்கிக் கொடுக்கட்டும் என்பதே நமது கோரிக்கை. நிலத்தை ஆலைகளுக்கு எடுத்துக் கொடுக்க முன்வருகிறவர்கள், அந்நிலத்துக்குரியவர்களின் பெண்களுக்கு ஒரு வருஷத்தைக் கொடுக்க முடியாதென்று சொல்ல மாட்டார்கள் என நம்புகிறோம்.

ஓசூர், சூளகிரி வட்டாரத்துத் தொண்டர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. தங்கள் ஊர்ப் பள்ளியில் விஞ்ஞானப் பிரிவில் எத்தனை பேர், அவர்களில் நீட்டுக்கு மனுப் போட்டவர்கள் எத்தனை பேர், பயிற்சிக்குப் போய்ப் பாதியில் நின்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் நின்றது பாடம் புரியாமலா, பஸ் இல்லாமலா என்ற கணக்கை ஊர்தோறும் எடுத்து, அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் தீர்மானமாக எழுதிவைக்கட்டும். மாலை ஆறு மணிக்குப் பிறகு உத்தனப்பள்ளி வழியாக ஒரு பஸ் கூடுதலாக விடுவதற்குச் சட்டசபையும் வேண்டியதில்லை, ஜனாதிபதியின் சம்மதமும் வேண்டியதில்லை. ஓசூர்ப் பணிமனையின் ஓர் உத்தரவு போதும்.