லயத்துப் பிள்ளைக்கு ஒரு மேசை

கைப்பேசி இருக்க நூலகம் எதற்கு என்று நகரத்தில் கேட்கிறார்கள். திம்புள்ளப் பக்கத்து லயமொன்றில் நின்று கேட்கட்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. சமையல், உறக்கம், உயர்தரப் பரீட்சைப் படிப்பு எல்லாம் அதற்குள்ளேதான். அந்தப் பிள்ளைக்கு நூலகம் என்பது முதலில் ஒரு மேசை, ஒரு விளக்கு, கொஞ்சம் அமைதி. புத்தகம் அப்புறம்.

இலங்கையில் பொது நூலகங்களை நடத்துபவை உள்ளூராட்சி மன்றங்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ, சபை நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிடத் தடையாக நின்றது. (அங்கே வாக்குக் கேட்க மட்டும் தடையிருக்கவில்லை!) 2018இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இனிச் சாக்கு இல்லை.

ஹட்டனுக்குப் போகலாமே என்பது பதிலாகாது. பஸ் கட்டணம் நாட்சம்பளத்திலிருந்து போகிறது. நான் கேட்பது மாளிகையல்ல. தோட்டத்துக்கு ஒரு வாசிப்பறை, இரவு எட்டு மணிவரை திறந்திருக்கட்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சபை உறுப்பினர்கள் இதற்கு ஒரு வரி எழுதுவார்களா?