பழைய ஒயின் என்றாலே நல்ல ஒயினா?

"ஒயின் மாதிரி, வயசாக வயசாகத்தான் ருசி!" இந்த உவமையைக் கேட்காதவர்கள் குறைவு. சினிமா பேட்டியில் வரும், கிரிக்கெட் வர்ணனையில் வரும், பிறந்தநாள் வாழ்த்தில்கூட வரும். வாழ்நாளில் ஒயினைத் தொட்டே பார்க்காதவரும் இதை அடித்துச் சொல்வார். உண்மை என்னவென்றால், உலகில் தயாராகும் ஒயினில் மிகப் பெரும்பகுதி சில வருடங்களுக்குள் குடித்து முடிக்க வேண்டியது. பூட்டி வைத்தால் ருசி கூடாது, செத்துப்போகும்.

உடனே ஒரு பதில் வரும். "அதெல்லாம் மலிவு சரக்குக்கு. பிரான்சின் போர்தோ ஒயினைப் பற்றித் தெரியுமா?" தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஏனென்றால் 'இது முப்பது வருடம் தாங்கும்' என்ற வாக்கியம் போர்தோவில் ஒரு ஒயினின் குணத்தைச் சொல்வதாக மட்டும் இல்லை. அது ஒரு விற்பனைத் தந்திரமாகவும் ஆகிவிட்டது.

முதலில் போர்தோவுக்கு உரிய நியாயத்தைக் கொடுத்துவிடலாம். பொயாக் என்ற சிற்றூரில், ஜிரோந்து முகத்துவாரத்தை ஒட்டிய கூழாங்கல் மண்ணில் இருக்கிறது ஷத்தோ லத்தூர். அங்கே முக்கியமான திராட்சை கபர்நே சோவிஞோன். சின்னப் பழம், தடித்த தோல், நிறைய விதை. தோலிலும் விதையிலும் இருக்கும் டானின்தான் விஷயமே. டானின் என்றால் ஏதோ புரியாத ரசாயனம் இல்லை. வாழைக்காயைக் கடித்தால், கடுக்காயை வாயில் போட்டால், டீத்தூளை அதிகநேரம் கொதிக்கவிட்டால் நாக்கை இழுத்துப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. எச்சிலில் உள்ள புரதத்தோடு டானின் ஒட்டிக்கொள்வதால் வாய் வறண்டது போல் ஆகிறது. இளம் லத்தூரைக் குடித்தால் பழச்சுவையைவிட இந்த இழுப்புதான் முன்னால் நிற்கும்.

பாட்டிலுக்குள் வருடக்கணக்கில் நடப்பது என்ன? டானின்களும் நிறமிகளும் மெதுவாக ஒன்றோடொன்று சேர்ந்து உருமாறுகின்றன. ஒரு பகுதி கனத்துப்போய் அடியில் வண்டலாகத் தங்குகிறது. துவர்ப்பு மழுங்குகிறது. ஊதா கலந்த கருஞ்சிவப்பு நிறம் செங்கல் நிறமாகிறது. புதுப்பழ வாசனை பின்வாங்கி தேவதாரு மரம், புகையிலை, தோல், ஈரமண் என்று வேறு வாசனைகள் தலைகாட்டுகின்றன. 1961-ஆம் வருட லத்தூர் அரை நூற்றாண்டு கழித்தும் உயிரோடு இருந்ததைக் குடித்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதில் சண்டை இல்லை.

சண்டை எங்கே என்றால், இந்தக் கணக்கில் எப்போதும் ஒரு பக்கம்தான் பேசப்படுகிறது. டானின் மெலியும் அதே வருடங்களில் பழமும் மெலிகிறது. இரண்டுக்கும் ஓட்டப்பந்தயம். பழம் முதலில் களைத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துவர்ப்பும் புளிப்பும். அதாவது, பாட்டிலில் முதலிலேயே இல்லாத ஒன்றைக் காலம் கொண்டுவந்து சேர்ப்பதில்லை. கரடுமுரடான ஒயின் வயதானால் கரடுமுரடான கிழ ஒயின், அவ்வளவுதான்!

இதற்கு 1975-ஐ விட நல்ல சாட்சி கிடையாது. அந்த வருடத்து போர்தோ ஒயின்களில் டானின் கடுமையாக இருந்தது. கடுமையாக இருக்கிறதே, அப்படியானால் நீண்டகாலம் நிற்கும் என்று பலர் தீர்ப்பு எழுதினார்கள். வாங்கியவர்கள் காத்திருந்தார்கள். பத்து வருடம், இருபது வருடம்.. பொமரோல் பக்கத்தில் சில நல்ல ஒயின்கள் தேறின. மற்றபடி ஏராளமான பாட்டில்கள் மலராமலேயே வற்றிப்போயின.

அடுத்து 1982. வெயில் நன்றாக அடித்து, பழம் கனிந்து, இளமையிலேயே குடிக்க இனிமையாக வந்த ஒயின். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் அதைத் தூக்கிப் பிடித்தார். எதிர்த்தவர்கள் சொன்ன குறை என்ன தெரியுமா? "இவ்வளவு மென்மையாக இருக்கிறதே, புளிப்பு போதாதே, இது நிற்காது!" அதில் மேலான ஒயின்கள் நாற்பது வருடம் தாண்டியும் கொண்டாடப்படுகின்றன. இளமையில் குடிக்கவே முடியாமல் இருப்பதுதான் பெரிய ஒயினின் அடையாளம் என்ற நம்பிக்கை அன்றே செத்திருக்க வேண்டும். சாகவில்லை.

ஏன் சாகவில்லை? அதில் பணம் இருக்கிறது. போர்தோவில் 'ஆன் பிரிமர்' என்று ஒரு விற்பனை முறை உண்டு. செப்டம்பர், அக்டோபரில் அறுவடை. அடுத்த வசந்தத்தில், 225 லிட்டர் ஓக் பீப்பாயில் ஒயின் இன்னும் கிடக்கும்போதே, வியாபாரிகளும் விமர்சகர்களும் ருசி பார்க்க வந்துவிடுவார்கள். ஆறு மாதக் குழந்தை அது. இறுதிக் கலவைகூடச் சில இடங்களில் முடிவாகியிருக்காது. அதை ஒரு வாய் வைத்துத் துப்பிவிட்டு '2050 வரை குடிக்கலாம்' என்று எழுதுகிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து ஜனங்கள் பணம் கட்டுகிறார்கள். பாட்டில் கைக்கு வர மேலும் ஒன்றரை, இரண்டு வருடம். ஜோசியரிடம் போனால்கூட ஜாதகமாவது கேட்பார். இந்த ஆரூடம் பொய்த்தால் யார் வந்து கேட்பது? முப்பது வருடம் கழித்து எழுதியவரும் இருக்கமாட்டார், விற்றவரும் இருக்கமாட்டார்.

"நீடித்து நிற்பது பிரெஞ்சு ஒயின் மட்டுமே" என்ற பெருமைக்கும் ஒரு சோதனை நடந்தது. 1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பெயரை மறைத்து ருசி பார்க்க வைத்தார். மதிப்பெண் கணக்கில் எடுக்கப்பட்ட ஒன்பது பேரும் பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பில் முதலிடம் கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப் 1973. மூத்தோன் ரோட்ஷில்ட் 1970 இரண்டாவது. பிரான்சில் அப்போது சொன்ன சமாதானம்: "கலிபோர்னியா ஒயின் இளமையில் பளபளக்கும். எங்கள் ஒயினுக்கு நேரம் வேண்டும். காத்திருந்து பாருங்கள்."

காத்திருந்தார்கள். 2006 மே 24 அன்று, சரியாக முப்பது வருடம் கழித்து, அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாபாவிலும் மறுபடி திறந்தார்கள். முதல் ஐந்து இடங்களும் கலிபோர்னியாவுக்கு! ரிட்ஜ் மோன்டே பெல்லோ 1971 முதலிடம். மூத்தோன் ஆறாவது. ஒரு சோதனையை வைத்து ஒரு நாட்டையே எடைபோட முடியாது, சரிதான். ஆனால் நேரம் கேட்டது அவர்கள். நேரமும் கொடுக்கப்பட்டது.

வயது மோகத்தின் உச்சம் 1985 டிசம்பரில் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலம். 1787-ஆம் வருட லாஃபித் என்று ஒரு பாட்டில். மேலே 'தா.ஜே.' என்று பொருள்படும் எழுத்துச் செதுக்கல், அதாவது அமெரிக்க ஜனாதிபதி தாமஸ் ஜெபர்சனுக்குச் சொந்தமானதாம். ஃபோர்ப்ஸ் குடும்பம் 1,05,000 பவுண்டுக்கு வாங்கியது. அது ஜெபர்சனுடையது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை என்று அவர் வீடான மோன்டிசெல்லோவின் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். அதே வரிசையில் வேறு பாட்டில்கள் வாங்கிய பில் கோக் என்ற கோடீஸ்வரர் நிபுணர்களை வைத்துச் சோதித்தபோது, செதுக்கல் மின்கருவியால் செய்யப்பட்டது என்று முடிவு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் மின்கருவி! ஃபோர்ப்ஸ் பாட்டிலின் கதி இன்னும் பரிதாபம். காட்சிக்காக விளக்கடியில் வைத்ததில் தக்கை காய்ந்து சுருங்கி உள்ளே விழுந்துவிட்டது.

இங்கே ஏமாற்றியவரை மட்டும் திட்டிப் பயனில்லை. ருசிக்காக வாங்கியிருந்தால் ஒருவராவது உடனே திறந்திருப்பார். வருடத்துக்காக வாங்கினார்கள், வருடம் கிடைத்தது.

வைத்துக் குடிக்கவே கூடாதா என்றால், தாராளமாக வைக்கலாம். ஆனால் 12, 13 டிகிரி குளிர், இருட்டு, ஈரப்பதம், படுக்கவைத்த பாட்டில் எல்லாம் வேண்டும். அரை பாட்டில் சீக்கிரம் மூப்படையும், ஒன்றரை லிட்டர் மேக்னம் நிதானமாக மூப்படையும். டூட்டி ஃப்ரீயில் வாங்கி ஷோகேஸில் நிற்கவைத்திருக்கும் பாட்டிலுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அதை இந்த வாரமே திறந்துவிடுவது நல்லது. வசதி உள்ளவர்கள் ஒரே ஒயினில் ஆறு பாட்டில் வாங்கி, சில வருடத்துக்கு ஒன்றாகத் திறந்து பார்க்கலாம். எப்போது நன்றாக இருக்கிறதோ அப்போது மீதியை முடித்துவிடலாம். விமர்சகரின் எண்ணைவிட இது நம்பகமானது.

2012-இல் ஷத்தோ லத்தூரே ஆன் பிரிமர் முறையிலிருந்து விலகிக்கொண்டது. அந்த வருட அறுவடையிலிருந்து, ஒயினைத் தன் நிலவறையிலேயே வைத்திருந்து, குடிக்கும் பக்குவம் நெருங்கியதாகத் தோன்றும்போது வெளியிடுகிறது. விலை குறையவில்லை, இதிலும் வியாபாரம் இருக்கிறது என்பது வேறு விஷயம். ஆனால் காத்திருக்கும் வேலையை விற்பவரே ஏற்றுக்கொண்டார். மற்ற பெரிய ஷத்தோக்களில் பெரும்பாலானவை இன்னமும் ஒவ்வொரு வசந்தத்திலும் பீப்பாய்க் குழந்தைக்கு விலை சொல்லிக்கொண்டிருக்கின்றன.