தேர்வு யாருடையது?

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை அரசியல் சாசன உரிமையாக ஏற்றிருந்த 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை இரத்து செய்தது. உலகெங்கும் விவாதம் எழுந்தது. கருவிலுள்ள உயிருக்காகப் பேசுவோர் ஒருபுறம், 'ப்ரோ-சாய்ஸ்' எனப்படும் தேர்வுரிமை ஆதரவாளர்கள் மறுபுறம். அந்நாட்டுக் கருத்துக்கணிப்புகளில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர், பெரும்பாலான சூழல்களில் கருக்கலைப்புக்குச் சட்ட அனுமதி வேண்டும் என்கின்றனர். அங்குள்ள கத்தோலிக்கரிடையேயும் ஏறத்தாழ இதே நிலைதான் என்பது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

தேர்வுரிமை என்றால் கருக்கலைப்பு நல்லது என்று சொல்வதல்ல. முடிவெடுப்பது அரசல்ல, அந்தப் பெண்ணே என்பதுதான் அவர்கள் வாதம். மறைவாக, பாதுகாப்பற்ற முறையில் கருவைக் கலைத்து உயிரிழந்த பெண்களை எண்ணிப் பேசுவோர் அவர்களுள் பலர். அந்த அக்கறையை நாம் ஏளனம் செய்யக் கூடாது. அதே வேளையில், கருவான நொடி முதல் மனித உயிர் காக்கப்பட வேண்டும் என்னும் திருச்சபையின் போதனையில் நமக்கு ஐயமில்லை.

நம் நாட்டின் வரலாறு வேறு. சாந்திலால் ஷா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து 1971இல் கருக்கலைப்புச் சட்டம் வந்தது. தாய்மாரின் மரணமும், பெருகும் மக்கள்தொகை பற்றிய கவலையுமே அன்று பெரிதாகப் பேசப்பட்டன. 20 வாரம் என்றிருந்த வரம்பு, 2021இல் சில பிரிவுப் பெண்களுக்கு 24 வாரமாக உயர்த்தப்பட்டது. மணமாகாத பெண்களுக்கும் அது பொருந்தும் என்று 2022 செப்டம்பர் 29 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. இன்றும் மருத்துவரின் கருத்து இன்றிக் கருவைக் கலைக்க இச்சட்டம் இடம் தருவதில்லை. நம்மில் பலர் அறியாத ஒன்றும் இதில் உண்டு: 18 வயது நிறைந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டுமே தேவை. கணவரின் கையெழுத்தைச் சட்டம் கேட்பதில்லை.

சட்டம் அவளிடம் கேட்கச் சொல்கிறது. வீடு அவளிடம் கேட்கிறதா?

பந்தல்குடி, திருச்சுழி பக்கத்துக் கரிசல் ஊர்களை நினைத்துப் பார்ப்போம். மானாவாரி நிலம், மழை பொய்த்தால் கடன். இரண்டு பெண் பிள்ளைகளுக்குப் பின் மூன்றாவதாகக் கருவுற்றவளிடம், "இதையும் எப்படிக் கரை சேர்ப்பே?" என்று மாமியார் கேட்கிறார். கணவர் வாய் திறப்பதில்லை. மில் வேலைக்குப் போன இடத்தில் ஏமாற்றப்பட்ட பெண்ணுக்கோ, ஊர்வாய்க்கு அஞ்சும் பெற்றோரே நாள் குறித்துவிடுகின்றனர். இதற்குப் பெயர் தேர்வா? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தமிழகத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 943 பெண் குழந்தைகளே இருந்தனர். கருவில் பாலினம் கண்டறிவதை 1994ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்த பின்னரும் இந்நிலை.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1995இல் வெளியிட்ட 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலில், இப்பாவத்தின் சுமையைத் தாயின் தலைமீது மட்டும் ஏற்றவில்லை. அவளை வற்புறுத்திய அல்லது தனியே விட்டுவிட்ட தந்தைக்கும், நெருக்கிய குடும்பத்தாருக்கும் அதில் பங்குண்டு என்றார். கருக்கலைப்புச் செய்த பெண்களிடம் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்று கனிவோடு பேசினார். அப்பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் எல்லாக் குருக்களுக்கும் நிலையாக வழங்கினார்.

மண ஒப்பந்தமான மரியா கருவுற்றிருந்தபோது யோசேப்பு என்ன செய்தார்? ஊரறிய அவரை அவமானப்படுத்தவில்லை. வானதூதரின் சொல் கேட்டுத் தம் வீட்டில் ஏற்றுக்கொண்டார். அந்த வீட்டில்தான் நம் மீட்பர் வளர்ந்தார்.

நம் பங்கில் மணமாகாத ஒரு பெண் கருவுற்றால், அவளைப் பற்றி முதலில் நாம் பேசப்போவது என்ன? மூன்றாவது பெண் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால் வாழ்த்துவோமா, "ஐயோ பாவம்" என்போமா? பிரசவச் செலவுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நம் அன்பியங்கள் எவ்வளவு எடுத்து வைத்திருக்கின்றன? உயிரைக் காக்கச் சொல்லும் நாம், அதைச் சுமப்பவளையும் தாங்க வேண்டாமா? சிந்திப்போம், இந்த வாரமே நம் அன்பியக் கூட்டத்தில் பேசுவோம்.